கை காட்டிய இடமெல்லாம்

புதுக் கார்டு போட்ட அன்றைக்கே படம் வெட்ட ஆரம்பித்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘வீரணன் கம்ப்யூட்டர்ஸ்’ என்று பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறவன் நான். ஊரில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் முனகினாலும் என் கடைக்குத்தான் வரும். அப்படிப்பட்டவன் சொந்தப் பெண்டாட்டிக்கு, இருப்பதிலேயே உசத்தியான கிராபிக்ஸ் கார்டை வாங்கித் தன் கையாலேயே பொருத்தினால், அது மாட்டு வண்டி மாதிரி குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது. வெளியே தெரிந்தால் என் மானம் என்னாவது?

“ஏங்க, மறுபடி ஜெர்க் அடிக்குதுங்க” என்றாள் அங்கயற்கண்ணி. ஸ்டீயரிங்கை விடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொறு, பொறு. கார்டை ஓட்டுற பழைய டிரைவரைச் சுத்தமா எடுத்துட்டுப் புதுசாப் போட்டாச் சரியாயிரும்.”

“டிரைவர் நான்தான. என்னையவே எடுக்கிறீகளா?”

இந்தக் குசும்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அவள் ஓட்டிக்கொண்டிருந்தது சும்மா பொழுதுபோக்கு விளையாட்டு இல்லை. எங்கள் மலைகளுக்குப் போகிற பேருந்துகளில் ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்காருவது நின்று கொஞ்ச காலம் ஆகிறது. அடிவாரத்தில் உள்ள அலுவலகத்தில் மேசை முன்னால் உட்கார்ந்து, கேமராவில் பாதையைப் பார்த்து, மேலே ஓடுகிற பேருந்தை இங்கிருந்தே ஓட்டுகிறார்கள். கரடிப்பாறை வழித்தடத்துக்கு ஆள் எடுக்கப்போவதாக மலைவழிப் பேருந்து வாரியம் அறிவித்திருந்தது. ஒரே ஒரு இடம். விண்ணப்பித்தவர்கள் வீட்டிலேயே பழகிக்கொள்ள ஒரு விளையாட்டையும் கொடுத்திருந்தார்கள். அசல் கரடிப்பாறைப் பாதையைப் படம் பிடித்துச் செய்தது. வளைவு, பள்ளம், புளியமரம், கோயில் மணி, எல்லாம் அப்படியே இருக்கும். வாரியத்தின் மேசைகளில் இருக்கும் அதே வகைக் கார்டு வீட்டிலும் இருந்தால்தான் பழக்கம் சரியாக வரும் என்று சொன்னதால்தான் நான் புதுக் கார்டு வாங்கினேன்.

அந்த வேலை அவளுக்கு வேண்டும். எனக்கு வேண்டும் என்பதைவிட நூறு மடங்கு அவளுக்கு வேண்டும். கரடிப்பாறை ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தவள் அவள். தற்காலிகப் பணி, ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். அதற்குப்பின் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இந்த அறிவிப்பு வந்த அன்றைக்குத்தான் அந்த முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. “அந்த ரோட்டுல எந்தக் கல்லு எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும்ங்க” என்றாள். பழைய கார்டில் அவள் ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே! முழு வண்டி ஜனத்தோடு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது, மடியில் வைத்த தண்ணீர்ச் செம்பு தளும்பாத மாதிரி இறக்குவாள். கடைக்கு வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன்.

இப்போது காட்ட முடியாது. பாதி வழியில் படம் உறைந்து, துள்ளி, மறுபடி ஓடுகிறது. தேர்வில் ஜெர்க்கை எண்ணுவார்கள். அளவுக்கு மேல் போனால் ஆளை எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

நானும் எனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கினேன். பழைய மென்பொருளை வேரோடு பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். மின்சாரம் போதவில்லையோ என்று பவர் சப்ளையை மாற்றினேன். சூடாகிறதோ என்று பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மானிட்டர் கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தேன். திரையின் மூலையில் ஓடுகிற எண்களை நாள் முழுக்க வெறித்துக்கொண்டிருந்தேன். எண்களில் ஒரு குறையும் இல்லை. கார்டு பாதி பலத்தைக்கூடச் செலவழிக்கவில்லை. ஆனாலும் வெட்டுகிறது. எனக்குக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு, கார்டு விற்றவர்களின் மதுரைச் சேவை மையத்துக்குப் போன் போட்டேன். நிலோஃபர் என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வந்தவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

“அக்கா, நீங்க ஒருதடவ ஓட்டுங்க. நான் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு அங்கயற்கண்ணியின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல மூலையிலுள்ள எண்களைப் பார்த்தேன். அவள் எண்களைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தாள். பிறகு அங்கயற்கண்ணியின் காலைப் பார்த்தாள்.

வண்டி மேலே ஏறியது. ஓர் இடத்தில் வெட்டியது. கொஞ்ச தூரம் போய் இன்னோர் இடத்தில் வெட்டியது. நிலோஃபர் நிறுத்தச் சொன்னாள்.

“அக்கா, இங்க ஸ்டாப்பிங் கிடையாதே. ஏன் பிரேக் போட்டீங்க?”

“அந்தா அந்தம்மா கை காட்டுதுல்ல.”

“முன்னாடி வெட்டுன இடத்துல?”

“அங்க ஒரு பெரியவர் நின்னாரு. கை காட்டுனாரு.”

நிலோஃபர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இத்தனை நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அந்தப் பாதையோரத்தில் மனிதர்கள் நிற்பதை நான் கவனிக்கவே இல்லை.

“அக்கா, அவங்க சும்மா படத்துக்கு நிக்கிறவங்க. ரோட்டை ஷூட் பண்ணப்ப நின்னவங்களை அப்படியே கேம்ல வச்சிருக்காங்க. நீங்க நின்னாலும் ஏற மாட்டாங்க. கதவு திறந்தாலும் அப்படியே நிப்பாங்க.”

“தெரியும்மா. எம்புட்டு நாளா ஓட்டுறேன்.”

“அப்புறம் ஏன் நிக்கிறீங்க?”

அங்கயற்கண்ணிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “கை காட்டுனா நிக்கணும்ல?” என்றாள். “ஏறுறதும் ஏறாததும் அவங்க பாடு. நிக்கிறது என் பாடு. மருந்துப் பெட்டியத் தூக்கிக்கிட்டு எத்தன நாள் நான் அங்கிட்டு நின்னிருக்கேன் தெரியுமா? ஸ்டாப்பிங்குக்கு நடந்து போறதுக்குள்ள ஐஸ் உருகிப் போகும். கை காட்டுவேன். நிப்பாட்டுவாங்க. மலைல அப்புடித்தான். ஸ்டாப்பிங்குன்னு போர்டு இருக்கிற எடத்துல யாரு வீடு கட்டியிருக்கா?”

நிலோஃபர் முக்காலியைத் திருப்பிக்கொண்டு எங்கள் இருவருக்கும் விளக்கினாள்.

“மேல ஓடுற பஸ்ஸோட படம் மலைய சுத்தி இங்க வர்றதுக்குள்ள கொஞ்சம் லேட்டாயிரும். நீங்க பாக்குறப்ப பஸ் ஏற்கனவே அந்த இடத்த தாண்டியிருக்கும். அதுக்காகத்தான் இந்த கார்டு. அடுத்து நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு முன்கூட்டியே யூகிச்சு, அதுக்கான படத்த வரைஞ்சு வச்சிரும். நீங்க அதையே செஞ்சா படம் வழுக்கிக்கிட்டு ஓடும். வேற ஏதாவது செஞ்சா, வரைஞ்சத அழிச்சுட்டுத் திரும்ப வரையணும். அந்த இடைவெளிதான் ஜெர்க்கு.”

“யூகத்த யாரு சொல்லிக்குடுத்தா அதுக்கு?” என்று கேட்டேன்.

“எங்கெங்கயோ ஓட்டுறவங்களோட பழக்கத்தப் பாத்துக் கத்துக்கிச்சு. லட்சக்கணக்கான பேரு. அவங்க யாரும் போர்டு இல்லாத இடத்துல நிக்கிறதில்ல. அக்கா நிக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் கார்டு ஏமாந்து போகுது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக நான் துடைத்துத் துடைத்து மாட்டியதெல்லாம் நல்ல சாமான்கள். எதிலும் கோளாறு இல்லை. உலகத்து ஓட்டுநர்களையெல்லாம் படித்து வைத்திருக்கிற ஒரு கார்டு, போடி அங்கயற்கண்ணியின் கால் விரலிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அந்த இடத்திலேயே எனக்கு நெஞ்சு விம்மியது. கோளாறு எங்கள் வீட்டில்தான், ஆனால் அது என்ன கோளாறு பார்த்தீர்களா!

பெருமைப்பட்டு என்ன செய்வது, தேர்வில் ஜெர்க்கை எண்ணுவார்களே.

“சரி பண்ண வழியே கெடையாதா?” என்று கேட்டேன்.

நிலோஃபர் தயங்கினாள். “ஒரு செட்டிங் இருக்கு அண்ணே. ஒத்துழைப்புன்னு பேரு. அத ஏத்தி வச்சா, சின்னச் சின்ன விஷயத்துல கார்டோட யூகத்துக்கே முதல் மரியாதை. நீங்க லேசா பிரேக் தொட்டாக்கூட அது கண்டுக்காது. பெரிய ஆபத்துன்னா மட்டும் விட்டுக்கொடுக்கும். எல்லாரும் அப்படித்தான் வச்சு ஓட்டுறாங்க. ஜெர்க்கே இருக்காது.”

“வச்சுத்தான் பாப்போமே” என்றாள் அங்கயற்கண்ணியே.

வைத்துப் பார்த்தோம். ஐயோ, அந்த ஓட்டம்! எண்ணெய் தடவின மாதிரி வண்டி மலையேறி இறங்கியது. ஓர் இடத்தில்கூட வெட்டவில்லை. முடிவில் திரையில் முழு மதிப்பெண் வந்தது. நான் கை தட்டினேன். அவள் தட்டவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். எதையோ தொட்டுவிட்டவள் மாதிரி துடைத்தாள்.

“அந்தம்மாவ எங்க?” என்றாள்.

“எந்தம்மா?”

“புளியமரத்துக்கிட்ட கை காட்டுமே. பச்சச் சேலை. இப்ப அவங்க இல்ல. பெரியவரும் இல்ல. ரோடு வெறிச்சுன்னு கெடக்கு.”

நிலோஃபருக்கு முகம் மாறியது. அவளும் இதை எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. மடிக்கணினியைத் திறந்து எதையோ தட்டிப் படித்தாள். படித்து முடித்துவிட்டுத்தான் மெதுவாகச் சொன்னாள்.

“வண்டி நிக்கப்போறதில்லைன்னு கார்டு முடிவு பண்ணிட்டா, ஓரத்துல நிக்கிறவங்கள வரையுறது வீண் வேலைக்கா. அதனால விட்டுருது. ரோட்டுக்கு நடுவுல இருந்தா வரையும். ஓரத்துல நின்னா வரையாது.”

“அப்ப இத வச்சு நெசமா பஸ் ஓட்டுறவங்களுக்கு?”

நிலோஃபர் மடிக்கணினியை மூடினாள். அங்கயற்கண்ணி கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கை நீட்டி, அந்த ஒத்துழைப்பைத் தானே அடிமட்டத்துக்கு இறக்கிவைத்தாள்.

“ஜெர்க் அடிக்கட்டும்” என்றாள்.

நிலோஃபர் நல்ல பெண். விடாமல் எடுத்துச் சொன்னாள். “அக்கா, அவங்க ஜெர்க்க எண்ணுறதுக்கும் காரணம் இருக்கு. படம் நிக்கிற அந்த நேரம் கண்ணக் கட்டிவிட்ட மாதிரிதான. மலைப்பாதைல அது ஆபத்தில்லையா?”

“நான் நிக்கப்போறப்ப மட்டுந்தான அடிக்குது? நிக்கிற வண்டிக்கு என்னம்மா ஆபத்து?”

நிலோஃபர் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, எங்க ஆபீஸ்ல இத எழுதிக் குடுக்கிறேன். ஆனா யாரு படிப்பாங்கன்னு தெரியல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் சண்டை. சண்டை போட்டது நான் மட்டும்தான். “தேர்வு முடியுற வரைக்கும் ஏத்தி வச்சுக்க. வேலை கெடைச்சப்புறம் ஒன் இஷ்டத்துக்கு எறக்கிக்க. இப்ப வேலைதான் முக்கியம்” என்று கத்தினேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடி, “வேலைதான முக்கியம்? அப்ப அந்த வேலைய ஒழுங்காச் செய்யணும்ல” என்றாள். தோசையைத் தின்றேன்.

தேர்வு நாள். வாரிய அலுவலகத்தின் பெரிய கூடத்தில் ஒரு மேசை, ஸ்டீயரிங், மூன்று திரைகள். தலைக்கு மேலே எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு பெரிய திரை. அதன் ஓரத்தில் ஜெர்க் எண்ணிக்கை பச்சையில் ஓடும். கூட வந்தவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காரலாம். தேர்வை நடத்தியவர் திலகவதி என்ற அதிகாரி. கதர்ச் சேலை, கழுத்தில் மாட்டிய கண்ணாடி, சிரிக்காத முகம்.

“ஒத்துழைப்பு அளவு உங்க விருப்பம். ஆனா ஜெர்க் வரக்கூடாது. மலைப்பாதை, பயணிகள் உயிர். இதுல நான் சலுகை காட்ட மாட்டேன்” என்று முதலிலேயே கறாராகச் சொன்னார்.

சீட்டுக் குலுக்கினார்கள். அங்கயற்கண்ணிக்குக் கடைசிச் சீட்டு. காலையிலிருந்து ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்து ஓட்டினார்கள். எல்லோரும் ஒத்துழைப்பை உச்சியில் வைத்தார்கள். எல்லோருக்கும் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. கம்பத்திலிருந்து வந்த சரவணப்பெருமாள் என்ற பையன் ஒருவன், ஒரு ஜெர்க்கும் இல்லாமல் முடித்துவிட்டு எழுந்து வந்தான். அவன் அப்பா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் கண்ணாடி வழியாக அங்கயற்கண்ணியைப் பார்த்து, விரலை மேலே உயர்த்தி, ஏத்தி வை, ஏத்தி வை என்று சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உட்கார்ந்ததும் அளவை அடிமட்டத்துக்கு இறக்கினாள்.

முதல் பாதியில் கை காட்டுகிறவர்கள் வந்தார்கள். அவள் நின்றாள். படம் வெட்டியது. எண்ணிக்கை ஏறியது. என் பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். கரடிப்பாறை மேட்டைத் தாண்டி இறக்கத்தில் வண்டி வந்தபோது படத்தில் மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. பச்சையாக இருந்த எண் மஞ்சளாகிவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு வெட்டினால் ஆட்டம் முடிந்தது. கடைசிக் கட்டம், செக்போஸ்ட் வரைக்கும் இறங்கினால் போதும், இனி யாரும் கை காட்டாமல் இருக்க வேண்டுமே என்று நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

வளைவு திரும்பியதும் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் ஒரு துணிப்பை, ஒரு கையில் தூக்குவாளி. இன்னொரு கையை உயர்த்தினாள்.

வீட்டில் அத்தனை தடவை ஓட்டியும் அந்த இடத்தில் யாரையும் நாங்கள் பார்த்ததில்லை. அங்கயற்கண்ணியின் கால் யோசிக்கவே இல்லை. பிரேக் விழுந்தது. படம் உறைந்தது, வெளுத்தது, துள்ளியது, நின்றது. எண் சிவப்பாகிவிட்டது. கூடத்தில் ஒரு பெருமூச்சு. திலகவதி மேடம் பேனாவை மூடினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அப்பாடி! ஒருவழியா நிப்பாட்டிட்டீகளா” என்று ஒரு குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். குரல் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அந்த விளையாட்டில் யாரும் இதுவரை பேசியதில்லை. அங்கயற்கண்ணியும் திகைத்துப்போய்த் திரும்பித் திலகவதியைப் பார்த்தாள். மேடத்தின் முகத்தில் ரத்தம் இல்லை.

குரல் படியேறிக்கொண்டே பேசியது. “காலைல இருந்து இதே வண்டி எத்தன வாட்டி எறங்கிப் போகுது. கை காட்டிக் காட்டித் தோள்பட்டையே போச்சு. ஒருத்தரும் நிக்கல. வேற வண்டியும் வரக்காணோம். இதென்ன, டிரைவர் சீட்டுல ஆளக் காணோம்? ஏ தம்பி, பின்னால உக்காந்திருக்கிறது நீதான் டிரைவரா? இல்லையா? அப்ப யாருப்பா ஓட்டுறது?”

கூடம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது.

அங்கயற்கண்ணி மைக்கின் பக்கம் குனிந்தாள். “நான்தாங்க்கா ஓட்டுறேன். கீழ இருந்து ஓட்டுறேன். நீங்க பயப்படாம உக்காருங்க.”

“பொம்பளப் புள்ளயா? நல்லாருப்ப தாயி. அவரு கீழ ஆஸ்பத்திரில கெடக்காரு. சோறு கொண்டு போறேன். ஆறிப் போச்சு, பரவால்ல.”

திலகவதி மேடம் அடுத்துச் சொன்னதைச் சொல்லாமல் விட மாட்டேன். அந்த அம்மா எதையும் மூடி மறைக்கவில்லை. “கடைசிக் கட்டம் கேம் இல்ல” என்றார். “மேல நிஜமான பஸ். நிஜமான ரோடு. சொன்னா பயத்துல கை நடுங்கும்னு யாருக்கும் சொல்லல. மோதப்போற ஆபத்துன்னா மட்டும் பிரேக் அடின்னு சொல்லி, ஒரு பட்டனக் கையில குடுத்து ஒரு ஆளப் பின்சீட்டுல உக்கார வச்சிருந்தோம். இன்னைக்கு ரோட்ட மூடியிருக்கோம், யாரும் வராதீங்கன்னு மேல ஊர்களுக்குச் சொல்லியனுப்பினோம். இவங்களுக்குச் சேதி போகல போலிருக்கு.”

காலையிலிருந்து எடுத்த கேமராப் படத்தைத் திரையில் போடச் சொன்னார். கார்டு வரைந்த படம் இல்லை, கேமரா பிடித்த அசல் படம். ஒவ்வொருவர் ஓட்டிய ஓட்டத்திலும் அந்த வளைவில் அந்தப் பெண் நிற்கிறாள். கையை உயர்த்துகிறாள். வண்டி அவளைத் தாண்டிப் போகிறது. கை தாழ்கிறது. அடுத்த ஓட்டத்தில் மறுபடி கையை உயர்த்துகிறாள்.

“சத்தியமா என் ஸ்கிரீன்ல ஆளே இல்ல மேடம்” என்றான் சரவணப்பெருமாள். “இருந்திருந்தா நிறுத்தியிருப்பேன். எங்கம்மா சத்தியமா நிறுத்தியிருப்பேன்.” அவன் சொன்னது உண்மைதான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் அப்பா அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

அங்கயற்கண்ணி மறுபடி கிளப்பிய பேருந்து இதற்குள் செக்போஸ்ட்டுக்கு வந்துவிட்டது. தேர்வு முடிகிற கோடு அது. பழக்கதோஷத்தில் உதவி அதிகாரி ஒருவர், “முடிஞ்சிருச்சுங்க, வண்டிய நிறுத்திரலாம்” என்றார்.

“அக்கா இன்னும் எறங்கலையே சார்” என்றாள் அங்கயற்கண்ணி.

அவள் நிறுத்தவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. செக்போஸ்ட்டைத் தாண்டி, சமவெளிப் பாதையில் இறங்கி, மாந்தோப்புகளுக்கு நடுவே போடி ஊருக்குள் வண்டியைக் கொண்டுவந்தாள். தேர்வுக்கு வந்தவர்கள், அவர்களோடு வந்தவர்கள், வாரியத்து ஆட்கள், எல்லோரும் அந்தப் பெரிய திரையைப் பார்த்தபடி நின்றோம். வழியில் அந்தக் கரடிப்பாறைப் பெண் தன் வீட்டுக்காரரின் கால் வீக்கத்தைப் பற்றியும், மிளகு விலையைப் பற்றியும், கீழே ஊருக்குள் ஆட்டோக்காரர்கள் படுத்துகிற பாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். அங்கயற்கண்ணி ‘உம்’ கொட்டிக்கொண்டே ஓட்டினாள். நடுவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நின்றாள். படம் வெட்டியது. சிவப்பு எண் இன்னும் ஒன்று ஏறியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

நான் அழுதுகொண்டிருந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், கண்ணாடித் தடுப்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், “என் பெண்டாட்டிங்க, அது என் பெண்டாட்டி” என்று சொன்னேன். அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் இன்னொரு முறை சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. தூக்குவாளி இடறிவிடாமல் அந்தப் பெண் படியில் இறங்கினாள். கீழே நின்று, ஆள் இல்லாத ஓட்டுநர் இருக்கையை அண்ணாந்து பார்த்து, கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாமல், காற்றைப் பார்த்துப் பேசினாள்.

“தாயி, அவரு வீட்டுக்கு வர்ற வரைக்கும் தெனமும் சோறு கொண்டாரணும். நாளைக்கும் இந்த வண்டிக்கு நீதான வருவ?”

சிவப்பு எண் அங்கயற்கண்ணியின் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அவள் திரும்பித் திலகவதி மேடத்தைப் பார்த்தாள். கூடத்திலிருந்த அத்தனை பேரும் பார்த்தோம்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மேசைக்கு நடந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து மைக்கில் பேசினார்.

“வருவாங்கம்மா. எத்தன மணிக்கு வரணும்னு சொல்லுங்க.”